கப்பலுக்குப் போன பிள்ளைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் கப்பலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. ஐந்து மாதமாக வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறார்கள். சம்பளம் இல்லை, ஓனர் போனை எடுப்பதில்லை.
– ஒரு தாய், உவரி

அம்மா, இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே அவர் கைவிடப்பட்ட மாலுமி என்கிறது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இதற்கான காப்பீடு 2017 ஜனவரியிலிருந்து கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கூப்பிட வேண்டிய நம்பர் அதிலேயே இருக்கும். சாப்பாடு, தண்ணீர், வைத்தியம், ஊர் திரும்பும் செலவு, நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கி எல்லாம் அதில் அடங்கும். 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். மும்பை கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் ஐ.டி.எஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கும் இன்றே மெயில் போடுங்கள்.

கேள்வி: தம்பிக்காக ஆறு தடவை ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டேன். 'ஃபைல் மேலே போயிருக்கு' என்கிறார்கள்.
– கூத்தங்குழி வாசகர்

இப்படி ஒரு அம்மாவுக்குத் துணையாக நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மஞ்சப்பையிலிருந்து மகனின் பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்தார். மடித்து மடித்து முகம் இருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. 'இண்டாஸ் நம்பர் சொல்லுங்க' என்றார் ஊழியர், தலையை நிமிர்த்தாமல். இந்திய மாலுமி ஒவ்வொருவருக்கும் தரப்படும் பதிவு எண் அது. அம்மா மகன் பெயரைச் சொன்னார். 'நம்பர்' என்றார் மறுபடி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனுவின் முதல் வரியில் தம்பியின் பெயர், வயது, ஊர் இருக்கட்டும், போட்டோவும் ஒட்டுங்கள். நகலில் சீல், தேதி வாங்காமல் திரும்பாதீர்கள். அப்புறம் ஆர்.டி.ஐ. போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்; ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.

கேள்வி: சம்பளமே தராத கப்பலை விட்டு இறங்கி வந்தால்தான் என்ன?
– வள்ளியூர் வாசகர்

சில நேரம் விட மாட்டார்கள். 2017-இல் எகிப்தின் அதபியா துறைமுகத்தில் 'அமான்' என்ற கப்பலைச் சான்றிதழ் காலாவதியானதற்காகப் பிடித்தார்கள். அதில் இருந்த சிரியா நாட்டு சீஃப் ஆபீசரைக் கப்பலுக்குச் சட்டப்படி பொறுப்பாளி ஆக்கியது நீதிமன்றம். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, கரண்ட் இல்லாத கப்பலில் அவர் மட்டும் தனியாக. சாப்பாட்டுக்கும் போனுக்கு சார்ஜ் போடவும் கரைக்கு நீந்திப் போனார். அவர் அங்கே கிடந்த காலத்திலேயே ஊரில் தாய் இறந்துபோனார். ஐ.டி.எஃப் ஆள் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விட்டார்கள், 2021 ஏப்ரலில். ஒரு தாளில் ஒரு பெயரை மாற்ற கிட்டத்தட்ட நான்கு வருடம்!

கேள்வி: வேலைக்கு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– நாங்குநேரி இளைஞர்

கூடாது தம்பி. வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவதே குற்றம். பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமி அடையாளப் புத்தகம், மெடிக்கல் செலவு மட்டும்தான் உங்களுடையது. மாலுமிகளை வேலைக்குச் சேர்க்க ஏஜெண்டுக்குத் தரப்படும் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.