தேவகோட்டை பக்கம் இருக்கேன், மூணு மாச சிப்பிப்பாறை குட்டி வாங்கியிருக்கேன், டாக் ஷோல விடணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? பேப்பர் என்ன வேணும், ட்ரெய்னர் வைக்கணுமா?

பேப்பரைப் பத்தியும் ட்ரெய்னரைப் பத்தியும் கீழ சொல்றேன், அதெல்லாம் காசும் கொஞ்சம் அலைச்சலும் இருந்தா முடியிற விஷயம். ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் வேட்டைநாய்ங்க பெரும்பாலும் ரிங்ல, அதாவது ஜட்ஜ் நாயைப் பாக்குற களத்துல, அடி வாங்குறது அதுலதான். முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள் நேரா வந்து வாயைத் தொறந்து பாத்தா உங்க குட்டி நிக்குமா? இதை இப்ப, இந்த மூணு மாசத்துலயே ஆரம்பிச்சா உண்டு, எட்டு மாசத்துல ஆரம்பிச்சா நாக்கு தள்ளிரும்.

ஏன்னா ஷோன்னா அழகுப்போட்டி, குளிப்பாட்டி சீவி கூட்டிட்டுப் போனா போதும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. ரிங்குக்குள்ள நடக்குறது வேற. உங்க கிளாஸை, அதாவது உங்க நாய் சேர்ந்த பிரிவைக் கூப்புடுவாங்க, கையில நம்பர் கட்டிட்டு எல்லாரும் நாயை இடது பக்கம் வச்சு வட்டமா ஒரு சுத்து ஓடணும், ஜட்ஜ் நடுவுல நின்னு பாப்பாரு, அப்புறம் ஒவ்வொரு நாயா தனியா நிக்க வச்சு தொட்டுப் பாப்பாரு. பல்லு வரிசை, மேல் பல்லு கீழ்ப் பல்லு மேல கத்தரிக்கோல் மாதிரி உக்காருதா, கண்ணு, தோள், முதுகு, பின்னங்கால், ஆண் நாய்னா விதை ரெண்டும் கீழ எறங்கியிருக்கான்னு கையை வச்சே பாப்பாரு. இதுக்கப்புறம் போயிட்டு வரச் சொல்லுவாரு, இல்லாட்டி முக்கோணமா ஓடச் சொல்லுவாரு. லேப்ரடாருக்கு இது ஒண்ணுமே இல்ல, எவன் வந்தாலும் வாலாட்டி நக்கும். சிப்பிப்பாறை அப்படிப் பொறந்த நாய் இல்லீங்க, வீட்டு ஆளோட ஒட்டும், வெளியாளைக் கண்டா ஒதுங்கும், அதுதான் அதோட கொணம். கொணம்னு நாம சொல்லிக்கலாம், ஜட்ஜ் கை பட்டவுடனே பின்னால உக்காந்து பம்முனா மார்க் போச்சு, உறுமுனா ரிங்கை விட்டே வெளிய.

அதனால எங்க வீட்டுல நான் செய்யிறதைச் சொல்றேன். செட்டிநாட்டுல இருக்கிறதுல ஒரு வசதி, வீட்டுக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கும், பால்காரர், கேஸ்காரர், விசேஷத்துக்கு அழைக்க வர்றவங்க, சாந்தி படைப்புன்னு எதுனா ஒண்ணு. வர்றவங்க எல்லார் கையிலயும் ஒரு துண்டு வேகவச்ச கோழி ஈரலைக் குடுத்து, அண்ணே இதைக் குடுத்துட்டு தோள்ல மட்டும் ஒரு தடவு தடவிட்டுப் போங்கன்னு சொல்லுவேன். மேல குனிஞ்சு தலையைத் தடவ வேண்டாம், நெஞ்சுப் பக்கம் கையை நீட்டி, அது மோந்து பாத்த பெறகு தொடட்டும். மொதல்ல தோள், ரெண்டு மூணு நாள் போனா முதுகு, அப்புறம் கால், கடைசியாத்தான் வாய். எங்க அப்பத்தா இதைப் பாத்துட்டு, ஏண்டா பொண்ணு பாக்கப் போனா கூட இம்புட்டு பாக்க மாட்டாகளேடா, நாய்க்கு வர்றவன் போறவன்லாம் பல்லைப் பாக்குறான்னு சொல்லிச் சிரிக்கும், ஆனா அதுவே தெனமும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து குட்டி உதட்டைத் தூக்கிப் பாத்து விட்டுச்சு, உண்மையில அதுதான் எங்க வீட்டு ஹேண்ட்லர், ரிங்ல நாயைப் பிடிச்சு நிக்க வைக்கிற ஆளை அப்படித்தான் சொல்லுவாங்க.

ஒரு எச்சரிக்கை, நாலு மாசத்துலேர்ந்து ஆறு ஏழு மாசம் வரைக்கும் பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைக்கும், ஈறு வலிக்கும். அந்த நேரத்துல வாயைப் போட்டு தொறந்துக்கிட்டே இருந்தீங்கன்னா வாழ்நாள் பூரா வாயைத் தொட விடாது. உதட்டை லேசா தூக்கிப் பாத்துட்டு விட்டுருங்க. பால் பல்லு விழாம அது பக்கத்துலயே புதுப் பல்லு வருதான்னு மட்டும் கவனிங்க, அப்படி இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும், கடிப்பு வரிசையே மாறிரும். எல்லாம் மொளைச்சு முடிஞ்சா 42 பல்லு இருக்கணும்.

அடுத்தது நிக்க வைக்கிறது, ஷோகாரங்க ஸ்டேக்னு சொல்லுவாங்க. முன்னங்கால் தோளுக்கு நேர் கீழ, பின்னங்கால் கொஞ்சம் பின்னால தள்ளி கணுவுக்குக் கீழ தரைக்குச் செங்குத்தா, தலை தூக்கி. இதை தயவுசெஞ்சு ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரையில பழக்காதீங்க. நம்ம வீட்டுத் தரை வழுவழுன்னு கண்ணாடியாட்டம் இருக்கும், நாலு கால்ல நிக்கிற குட்டிக்கு நகம் பிடிக்காது, காலை அகட்டி அகட்டி நிக்கும், பயந்து குனியும், அந்த நிலையே பழகிப்போயிரும், ஓடி வழுக்கி விழுந்தா மூட்டுக்கும் கேடு. சாக்கு இல்லாட்டி தேங்காநார் மிதியடி விரிச்சு அதுமேல நிக்க வைங்க, அதைவிட புல்தரை இருந்தா ரொம்ப நல்லது, ஷோவும் பெரும்பாலும் ஏதாவது மைதானத்துலதான நடக்கும். ஒரு தடவைக்கு ரெண்டு நிமிஷம் போதும், குட்டிக்கு சலிப்பு வர்றதுக்கு முன்னால நிறுத்திரணும்.

பெல்ட் விஷயம். இந்த இனத்துக்குத் தலை சின்னது, கழுத்து நீளம், சாதாரண பெல்ட்டை பின்னால ஒரு இழுப்பு இழுத்தா கழண்டு கையில வந்துரும், நாய் பொட்டல்ல ஓடிரும், ஆட்டையோ அணிலையோ பாத்துட்டா அப்புறம் உங்க குரல் அதுக்குக் கேக்கவே கேக்காது. மார்டிங்கேல்னு ஒரு வகை பெல்ட் இருக்கு, இழுத்தா மட்டும் இறுகும், மூச்சையும் நெரிக்காது, தெனசரி நடைக்கு அதைப் போடுங்க. ஷோக்கு மெல்லிசான ஷோ லீஷ் தனி, அதை வீட்டு காம்பவுண்டுக்குள்ளயே பழக்கிட்டு வெளிய எடுங்க. ஓட்டம் பழக்குறேன்னு சொல்லி டிவிஎஸ் வண்டிக்குப் பின்னால கட்டி ஓட்டுறாங்க பாருங்க, அதைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு வயசு வரைக்கும் எலும்பு வளந்துக்கிட்டு இருக்கும், தார் ரோட்ல ஓட்டுனா காலு கெட்டுப்போகும், அப்புறம் எந்த ஜட்ஜும் காப்பாத்த முடியாது. உங்க கூட சீரான வேகத்துல, குதிக்காம, தரையை மோந்துக்கிட்டே வராம இருபது முப்பது அடி ஓடிவந்தா போதும், ரிங்ல அவ்வளவுதான் கேக்குறாங்க.

ஊசி. மூணு மாசம்னா இன்னும் வரிசை முடிஞ்சிருக்காது. பார்வோ, டிஸ்டெம்பர் சேந்த ஊசி ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரைக்கும் போடணும், வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசத்துல. பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், அதனால அது வரைக்கும் தெருநாய் சுத்துற எடத்துல கீழ எறக்கி விடாதீங்க. ஆனா வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சாலும் தப்பு, பயந்தாங்கொள்ளியா வளரும். தூக்கிக்கிட்டுப் போங்க, வண்டியில மடியில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் ஓரமா நின்னு ஹாரன் சத்தம் கேக்க விடுங்க, கோயில் திருவிழா மேளச் சத்தத்தை தூரத்துலேர்ந்து கேக்க விடுங்க. ஷோ மைதானத்துல மைக் அலறும், அன்னைக்குப் புதுசா கேட்டா வாலை உள்ள சுருட்டிரும். உண்ணியையும் கவனிங்க, நம்ம செம்மண் காட்டுல அதுக்குப் பஞ்சமே இல்ல, உண்ணிக் காய்ச்சல் வந்தா ஒரு சீசன் போச்சு.

இப்ப பேப்பர். இந்தியாவுல பதிவு பண்றது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, கேசிஐன்னு சொல்லுவாங்க, தலைமையகம் சென்னையிலதான் இருக்கு. முறையா போனா, குட்டி போட்ட வீட்டுக்காரரே ஈத்தைப் பதிவு பண்ணி, மைக்ரோசிப் போட்டு, அப்புறம் உங்க பேருக்கு மாத்திக் குடுக்கணும். குடுத்தவர் பதிவு பண்ணலைன்னா இப்பவே போன் போட்டு கேளுங்க, நாள் ஆக ஆக நழுவுவாங்க. தாய் தகப்பன் பேப்பரே இல்லாம வாங்கியிருந்தாலும் மனசு விட்டுற வேண்டாம், நம்ம நாட்டு இனங்களுக்குன்னு தனியா பதிவு முகாம் போட்டிருக்காங்க, ஷோ நடத்துற கிளப் செகரட்டரிகிட்ட கேட்டா அடுத்தது எங்கன்னு சொல்லிருவாரு. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மன் கீ பாத்ல ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொன்னதுக்கு அப்புறம் கிராக்கி ஏறிப்போச்சு, ரேஸுக்காக கிரேஹவுண்ட் கலந்த குட்டியையும் சிப்பிப்பாறைன்னு தள்ளி விடுறாங்க. நாலு வருஷமா இந்த இனத்தை வளக்குற யாராவது ஒரு பெரியவர்கிட்ட குட்டியைக் காட்டுங்க, அவரு சொல்றதைக் கேட்டுட்டு பதிவுக்குப் போங்க.

சாப்பாட்டுல நம்ம ஊர் ஆளுங்ககூட ஒரு சண்டை நிச்சயம் வரும். என்னப்பா நாய் எலும்பும் தோலுமா இருக்கு, சோறு போடுறியா இல்லையான்னு தெருவே கேக்கும். சிப்பிப்பாறைக்கு கடைசி விலா ஒண்ணு ரெண்டு லேசா தெரியணும், வயிறு உள்ள ஏறியிருக்கணும், அதுதான் அதோட உடம்பு. கேக்குறவங்களுக்காக சோத்தைக் கொட்டி உருட்டி விட்டீங்கன்னா ரிங்ல நடையே போயிரும். முட்டை, கோழி, கொஞ்சம் சோறு, தயிர், நல்ல பப்பி ஃபுட் எதுனாலும் சரி, ஆனா வீட்டுக் குழம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். நம்ம சமையல்ல சின்ன வெங்காயமும் பூண்டும் எம்புட்டு போகுதுன்னு உங்களுக்கே தெரியும், ரெண்டும் நாய் ரத்தத்துக்கு விஷம். வேகவச்ச கோழி எலும்பும் கூடாது, சிம்பு சிம்பா ஒடிஞ்சு குடலைக் கிழிச்சுரும்.

முயல் பிடிக்குமாண்ணேன்னு கேட்டுக்கிட்டு சில பேர் வருவாங்க, கண்மாய்ப் பக்கம் ராத்திரி கூட்டிட்டுப் போவோம்னு கூப்புடுவாங்க. போகாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல கேஸ் ஆயிரும், நாய்க்கும் காயம்.

ட்ரெய்னர் கேட்டீங்க. என் கருத்து, குட்டி கிளாஸ்ல நீங்களே பிடிச்சுக்கிட்டு ஓடுங்க. இந்த இனம் ஆள் மாறுனா வாடிப்போகும், சம்பள ஹேண்ட்லர் கையில ஒரு நாள்ல அது பளபளன்னு நிக்காது. அவங்க வேலையை மட்டமா சொல்லல, டாபர்மேனையும் பாக்ஸரையும் அவங்க ஓட்டுற அழகே வேற, சேலஞ்ச் சர்டிபிகேட் வாங்கி சாம்பியன் ஆக்கணும்னு பின்னாடி எறங்குனீங்கன்னா அப்ப யோசிங்க. அதுக்கு முன்னால நாயில்லாம வெறுங்கையோட ஒரு ஷோக்குப் போய் காலையிலேர்ந்து ரிங் ஓரத்துல உக்காருங்க. ஜட்ஜுக்கும் நாய்க்கும் நடுவுல ஆள் வராம எப்படித் திரும்புறாங்க, ஜட்ஜுக்கு ஒத்தாசையா நிக்கிற ஸ்டீவர்ட் நம்பரை எப்படிக் கூப்புடுறாரு, எல்லாம் கண்ணால பாத்தா ஒரே நாள்ல புரிஞ்சுரும். நம்ம நாட்டு நாய் கிளாஸ் முடிஞ்சதும் அந்த ஓனர்ங்ககிட்ட போய்ப் பேசுங்க, நாய் ரிங்குக்குள்ள போறதுக்கு முன்னால பேசாதீங்க, டென்ஷன்ல எரிஞ்சு விழுவாங்க.

எந்த ஷோன்னா, நமக்குக் கிட்ட மதுரைதான், கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். சென்னை, கோயம்புத்தூர் பக்கமும் நடக்கும், பெரும்பாலும் மழை முடிஞ்சு குளிர் மாசங்கள்ல, ஊட்டி மட்டும் மே மாசம் சீசன்ல. ஊட்டி ஷோ பேரு பெத்தது, ஆனா தோல் மெல்லிசான இந்த நாயை மொதல் ஷோக்கே அந்தக் குளிருக்கு ஏத்தாதீங்க. சென்னைக்கு பல்லவன்ல ஏத்திட்டுப் போயிரலாம்னு நெனைக்க வேண்டாம், ரயில்ல நாயைக் கூடவே வச்சுக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசி மாதிரி மொத வகுப்புல தனி அறையை (கூப்பே) முழுசா எடுக்கணும், இல்லாட்டி கார்டு பெட்டியில இருக்குற கூண்டுல போடுவாங்க, பழக்கமில்லாத குட்டிக்கு அது நரகம். காரே நல்லது, அதுக்கும் இப்பவே திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு வந்து பழக்குங்க, வாந்தி எடுக்குற குட்டின்னா கெளம்புறதுக்கு முன்னால சோறு போடாதீங்க.

அன்னைக்கு கூண்டு, வீட்டுத் தண்ணி, ஈரத் துண்டு, ஊசி கார்டு, மடக்கு சேர், குடை எடுத்துக்கங்க. உங்க கிளாஸ் காலையில முடிஞ்சாலும், ஜெயிச்ச நாய்ங்களுக்கு குரூப், பெஸ்ட் இன் ஷோன்னு அடுத்தடுத்த சுத்து சாயங்காலம் வரைக்கும் இழுக்கும், நிழல் இல்லாத மைதானமா இருந்தா ஆளும் நாயும் காஞ்சுருவீங்க. ஒரே சனி ஞாயிறுல ரெண்டு மூணு ஷோ வேற வேற ஜட்ஜோட சேத்து வைப்பாங்க, குட்டிக்கு ஒண்ணுல மட்டும் என்ட்ரி போடுங்க. நாலு மாசம் முடியாம எறக்க விடமாட்டாங்க, அதனால இப்ப உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா என்ட்ரி ஷோக்கு ரொம்ப நாள் முன்னாடியே முடிஞ்சுரும், அன்னைக்குக் காலையில போய் கவுன்டர்ல காசு கட்டி சேர முடியாது, கடைசித் தேதியைக் கேட்டு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க.