ஜெப வீட்டு வழக்கில் நிபுணர் சாட்சி: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எல்லையை ஒட்டிய தமிழர் ஊர் எங்களுடையது. தமிழ்நாட்டில் ஓர் இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டில் முப்பது, நாற்பது பேர் கூடும் பெந்தெகொஸ்தே சபை நடக்கிறது. சத்தம் தாங்கவில்லை, அனுமதியில்லாமல் வீட்டை வழிபாட்டுத் தலமாக்கிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் 2025-ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, கூட்டத்துக்கே நிரந்தரத் தடை கேட்கிறார். சபையின் வக்கீல் என்னை நிபுணர் சாட்சியாகக் கூப்பிடுகிறார். ‘ஒலிபெருக்கி வைத்துச் சத்தமாக ஜெபிப்பது பெந்தெகொஸ்தே விசுவாசத்தின் இன்றியமையாத பகுதி’ என்று டைப் செய்த பிரமாண வாக்குமூலத்தையும் கையெழுத்துக்காகக் கொடுத்துவிட்டுப் போனார். அந்நிய பாஷை (ஜெபப் பரவசத்தில் பேசும், மற்றவர்களுக்குப் புரியாத மொழி), கைதட்டல் எல்லாவற்றையும் விமர்சித்து ஒரு சபைப் பத்திரிகையில் முன்பு எழுதியவன் நான். நான் சாட்சி சொல்லலாமா? எதிர்த்தரப்பு அந்தக் கட்டுரையை எடுத்தால் என்ன ஆகும்? என் மலையாளமும் கடைப்பேச்சு அளவுதான்.

பதில்: ஐயா, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் கருத்தே இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் உங்களுக்கு நிபுணர் தகுதி இருக்கிறதா என்று பார்ப்போம். பழைய சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவு வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை என்று எண்ணிச் சொல்லியிருந்தது. சபை வரலாறு இதில் எதற்குள் வரும் என்று எதிர்த்தரப்பு கேட்க இடமிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 39-வது பிரிவு ‘வேறு எந்தத் துறையும்’ என்று சேர்த்துக்கொண்டது. உங்கள் வழக்கு 2025-ல் போட்டது என்பதால் புதிய சட்டம்தான் பொருந்தும்.

உங்களுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துவது 43-வது பிரிவு. ஒரு கூட்டத்தாரின் வழக்கங்கள், கோட்பாடுகள், ஒரு மத அமைப்பின் நிர்வாகம் இவற்றில் தனி அறிவு பெற வாய்ப்புள்ளவரின் கருத்தைக் கோர்ட் கேட்கலாம் என்கிறது அது. பழைய சட்டத்தில் 49-வது பிரிவாக இருந்ததுதான். மதச் சுதந்திர வழக்குகளில் வக்கீல்கள் அதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். உங்கள் வக்கீலிடம் இரண்டு பிரிவுகளையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, நீங்கள் எதைச் சொல்லப் போகிறீர்கள் என்பது. பெந்தெகொஸ்தேக்காரர்கள் நம்புவது சரியா தவறா என்று யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கு கேரளத்தில்தான் பிறந்தது. யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கை நம் புத்திக்கோ மனசுக்கோ ஏற்கிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாக, மனச்சாட்சியோடு பற்றியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். யெகோவாவின் சாட்சிகள் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீதிபதிகள் கலைக்களஞ்சியத்தையும் வெளிநாட்டுத் தீர்ப்புகளையும் புரட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் நிபுணர் வேண்டும்.

நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவரான சூசை, தன்னைப் பட்டியல் சாதிக்காரராக நடத்த வேண்டும் என்று கேட்டார். 1985-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்வதைக் காட்ட வேண்டும். கிறிஸ்தவ சமூகத்தின் இன்றைய நிலை பற்றிய விரிவான ஆய்வு எதுவும் கோர்ட் முன்னால் வைக்கப்படவில்லை என்றது. நியாயம் மனுதாரர் பக்கம் இருந்ததா இல்லையா என்பது வேறு வாதம். வழக்குக் கட்டுக்குள் அந்த ஆய்வுக் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஊர் வழக்குக்கு வருவோம். இதில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன, வக்கீல் அவற்றைப் பிரிக்கவில்லை. ஒன்று சத்தம். அதில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு எதிராகப் போன வழக்கில், 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்தும் மேளம் அடித்தும் ஜெபிக்க வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பு இருக்கும்போது ‘ஒலிபெருக்கி இன்றியமையாதது’ என்று நீங்கள் சத்தியம் செய்தால், நீதிபதி உங்களுடைய மற்ற வார்த்தைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். சத்தம் பற்றிய நிபுணர் டெசிபெல் மீட்டரோடு வருகிறவர். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல். மைக்கை இறக்கி வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை விட்டு அளக்கச் சொல்லட்டும் சபைக்காரர்கள். பாதி வழக்கு அங்கேயே கரைந்துவிடும் என்பது என் கணிப்பு.

உங்கள் இடம் இரண்டாவது பிரச்சினையில் இருக்கிறது. கூட்டத்தையே நிறுத்து என்கிறாரே, அங்கே. மைக் இல்லாமல் வாய்விட்டுச் சேர்ந்து ஜெபிப்பது இவர்களின் வழிபாட்டு முறையா? வீட்டில் கூடுவது இவர்களுக்குப் புதிதாக முளைத்த தந்திரமா, பழைய வழக்கமா? இதற்கு நீங்கள் வரலாறு சொல்லலாம். புதிய ஏற்பாட்டில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடிய சபையிலிருந்து, 1906-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அசுசா தெரு எழுப்புதல் என்ற பக்தி எழுச்சி வரை, அங்கிருந்து கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்த இயக்கம் வந்து சேர்ந்த வழி வரை. ஆனால் வரலாறு அனுமதிப் பிரச்சினையைத் தீர்க்காது. கேரளத்தில் ஒரு கட்டடத்தை வழிபாட்டுத் தலமாகப் பயன்படுத்த அதிகாரிகளின் அனுமதி கேட்கிறார்கள். ‘வீட்டில் கூடுவதுதான் எங்கள் ஆலயம்’ என்று நீங்கள் அழுத்திச் சொன்னால், ‘பார்த்தீர்களா, ஆலயம் என்று அவர்கள் சாட்சியே சொல்கிறார்’ என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அது சட்டப்படி வழிபாட்டுத் தலமா என்பதைக் கோர்ட் முடிவு செய்யட்டும். அங்கே வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அதைச் சொல்ல நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே என்பது ஒரே சபை இல்லை என்று உங்களுக்குத் தெரியாததா? கும்பநாட்டு இந்திய பெந்தெகொஸ்தே சபை வேறு, சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வேறு, ஒரு பாஸ்டர் தானே தொடங்கிய சுயாதீன சபை முற்றிலும் வேறு. உங்கள் பின்தெருச் சபை எந்த வழி? எழுதிய விசுவாசப் பிரமாணம் வைத்திருக்கிறார்களா? ஞானஸ்நானப் பதிவேடு, ஐக்கியக் கூட்டமைப்பின் சான்று ஏதும் உண்டா? இரண்டு மூன்று ஞாயிறு போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, மைக் இருந்ததா, எத்தனை பேர் வெளியூர்க்காரர்கள் என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்காக அன்றைக்கு மட்டும் அடக்கி வாசித்தார்கள் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள்.

அப்புறம் அறிக்கையை உங்கள் கையால் எழுதுங்கள். வக்கீல் வடிவத்தைத் திருத்தலாம், கருத்தைத் தொடக்கூடாது. யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எதைப் படித்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், அதிலிருந்து எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று வரிசையாக இருக்க வேண்டும். புதிய சட்டத்தின் 45-வது பிரிவுப்படி கருத்துக்கான காரணமும் சாட்சியம்தான். கோர்ட் உங்கள் பட்டத்தைவிட அதைத்தான் எடை போடும்.

கட்டுரை விஷயம். 148-வது பிரிவின்படி நீங்கள் முன்பு எழுதியதைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யலாம், கண்டிப்பாகச் செய்வார்கள். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ‘இந்த வழிபாட்டு முறையை விமர்சித்து இன்ன ஆண்டு இன்ன பத்திரிகையில் எழுதியிருக்கிறேன்’ என்று போட்டு, நகலையும் இணைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரைதான் உங்கள் பெரிய பலம். சபைக்காரர் ஒருவர் வந்து ‘இது எங்கள் நம்பிக்கை’ என்று சொல்வதைவிட, அதை ஏற்காத ஒருவர் ‘இது அவர்கள் நம்பிக்கை’ என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

குறுக்கு விசாரணை இப்படித்தான் போகும்:

“நீங்கள் அந்நிய பாஷையில் ஜெபிப்பீர்களா?”

“இல்லை.”

“அது தேவையில்லை என்று நினைக்கிறீர்கள்?”

“எனக்குத் தேவையில்லை.”

“மத்தேயு ஆறாம் அதிகாரம் ஆறாம் வசனம் தெரியுமா? அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணச் சொல்கிறதே. அப்படியானால் சத்தம் போட்டு ஜெபிப்பது வேதத்துக்கு விரோதம்தானே?”

இந்த வசனம் வராமல் இருக்கவே இருக்காது. இங்கேதான் பழைய வாத்தியார்கள் பிரசங்கத்தில் இறங்கி மாட்டிக்கொள்வார்கள். ‘அந்த வசனத்தை இவர்களும் படிக்கிறார்கள். தனி ஜெபத்துக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சபையாகக் கூடும்போது அப்போஸ்தலர் நான்காம் அதிகாரத்தில் எல்லோரும் ஒருமனப்பட்டுச் சத்தமிட்டதைப் பின்பற்றுகிறார்கள்’ என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். யார் வியாக்கியானம் சரி என்று கேட்டால், ‘அதைச் சொல்ல நான் வரவில்லை’. மைக் இல்லாமல் இவர்கள் ஜெபிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே உண்மை என்றால் ‘முடியும்’ என்றே சொல்லுங்கள். வக்கீல் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. தெரிந்தே பொய் சாட்சி சொன்னால் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. கூண்டில் நிற்கப் போவது நீங்கள், வக்கீல் இல்லை.

மலையாளத்துக்குப் பயப்பட வேண்டாம். தமிழிலேயே சொல்லலாம். சித்தூர்ப் பக்கம் தமிழ் புரியாத கோர்ட் ஊழியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எழுதியெடுத்த வாக்குமூலத்தைப் படித்து விளக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தவறிருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.

பணம் வாங்கலாம், தப்பில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 16-வது கட்டளை 2-வது விதி நிபுணரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் நியாயமான ஊதியம் தரக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ‘ஜெயித்தால் இவ்வளவு’ என்ற பேச்சு மட்டும் கூடாது. சபைக் காணிக்கை என்று உறையில் வைத்துக் கொடுத்தாலும் ரசீது எழுதிக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். எழுவினாக்கள் (வழக்கில் தீர்க்க வேண்டியவை என்று கோர்ட் எழுதிவைக்கும் கேள்விகள்) வகுத்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும். அது முடிந்துவிட்டால் உங்களைச் சேர்க்கத் தனியாக மனுப் போட்டுத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எழுவினா என்றைக்கு வகுத்தார்கள் என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள். அந்த டைப் செய்த வாக்குமூலத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.