மைனஸ் முப்பது தாங்கும் செடி பெத்லஹேமில் காய்க்குமா?

குன்னூரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பெத்லஹேமுக்கு வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நர்சரியில் பென் சாரெக் என்று ஒரு பிளாக் கரண்ட் (கறுப்புக் குட்டிப் பழம் காய்க்கும் புதர்) கன்று காட்டினார்கள். மைனஸ் 30 டிகிரி வரை தாங்குமாம். இங்கே ஜூலை ராத்திரியில்கூட மைனஸ் 6, 7 தானே? தைரியமாக வாங்கலாமா அக்கா?"

வாங்குங்கள் தம்பி. ஆனால் அந்த மைனஸ் 30-ஐ நம்பி வாங்காதீர்கள்.

அந்தக் கணக்கு பொய்யில்லை. இலை உதிர்த்துத் தூங்குகிற பிளாக் கரண்ட் புதர் அவ்வளவு குளிரையும் தாங்கும். பென் சாரெக் ஸ்காட்லாந்தில் டண்டீ அருகே இன்வர்கௌரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். 'பென்' என்றால் அவர்கள் கேலிக் மொழியில் மலை. பென் லோமண்ட், பென் நெவிஸ் எல்லாம் ஸ்காட்லாந்து மலைகளின் பெயர்கள். சாரெக் மட்டும் ஸ்வீடனின் வடபகுதியில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குக் குளிர்காலத்தில் செடி பிழைக்குமா என்பது பெரிய கவலை. நமக்கு அது கவலையே இல்லை. நம் கவலை செப்டம்பர்.

நீங்கள் நீலகிரிக்காரர், உங்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். உறைபனி விழுந்த மறுநாள் காலை வெயில் பட்டதும் தேயிலை கருகுமே, அதே கதைதான். குச்சி மைனஸ் 30 தாங்கும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரிக்கே செத்துவிடும். முதல் வருஷம் கிழக்கு வேலி ஓரமாக நட்டிருந்தேன். செப்டம்பர் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூ. ஒரு ராத்திரி பனி இறங்கியது, விடிந்ததும் நேர் வெயில் அடித்தது, மத்தியானம் பார்த்தால் எல்லாம் கறுத்துத் தொங்குகிறது. அந்த வருஷம் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. பென் சாரெக்கின் பூ மற்ற பல ரகங்களைவிடப் பனியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். அந்தக் 'கொஞ்சம்' நம்மைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இடம் பார்த்து நட வேண்டும். சரிவின் அடியில் குளிர்காற்று தேங்கும், அங்கே வேண்டாம். விடிந்ததும் வெயில் பாயும் இடமும் வேண்டாம். வடக்குப் பார்த்த சுவர் ஓரம் வேண்டவே வேண்டாம். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டோம், இங்கே வடக்கிலிருந்துதான் வெயில் அடிக்கும். அந்தச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

அடுத்தது, நர்சரிக்காரர் சொல்லாமல் விட்டது. இந்தச் செடிக்குக் குளிர் தாங்கக்கூடியது மட்டுமில்லை, கட்டாயம் வேண்டியதும்கூட. 7 டிகிரிக்குக் கீழே 1,500 மணி நேரத்துக்கு மேல் கேட்கும் ரகங்கள் பிளாக் கரண்டில் நிறைய. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நூறு ராத்திரி, ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி என்று தோராயமாகப் போட்டாலும் நமக்கு 1,200 தான் வருகிறது. பகலில் அடிக்கும் பளீர் வெயில் அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். குளிர் போதாத வருஷங்களில் மொட்டு ஒரே சீராக வெடிக்காது. ஒரு குச்சி பச்சையாக, பக்கத்துக் குச்சி மொட்டையாக நிற்கும். அது நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். டர்பன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது கன்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாவம் காசு வீண்.

டர்பன் சாட்ஸ்வர்த்தில் கறிவேப்பிலை, முருங்கை பற்றிக் கேட்க வீட்டுக்கு வீடு பாட்டிகள் இருக்கிறார்கள். இங்கே நமக்கு அப்படி யாரும் இல்லை. 1891-ல் போட்ட சட்டம் இந்தியர்கள் இந்த ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்கவே கூடாது என்றது. 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. அதனால் நான் கற்றதெல்லாம் செடியைக் கொன்று கற்றதுதான்.

பென் சாரெக்கை நான் இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் உயரம். இடுப்பளவு, மிஞ்சினால் நாலடி. ஒரே வலையை மேலே போட்டால் நவம்பர் ஆலங்கட்டிக்கும் ஆச்சு, குருவிக்கும் ஆச்சு. பழம் பெரிசு, சாம்பல் நோயும் அதிகம் வராது. தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஜோடி தேவையில்லை. குறை என்றால், பழம் கனத்தால் கிளை தரையில் படுத்துவிடும். நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

நடும்போது பையில் இருந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் ஆழமாக இறக்குங்கள், மண்ணுக்குள்ளிருந்து புதுக் குச்சிகள் கிளம்பும். கவாத்து என்றதும் தேயிலை மாதிரி மட்டமாக வெட்டிவிடப் போகிறீர்கள்! முன்வருஷக் குச்சியில்தான் காய்ப்பு அதிகம். கறுத்துத் தடித்த கிழட்டுக் குச்சிகளில் மூன்றில் ஒன்றை மட்டும் அடியோடு எடுங்கள். வேர் மேலாகவே ஓடுவதால் செடியடியில் சருகு, வைக்கோல் மூடாக்கு கனமாக வேண்டும். இங்கே குளிர்காலத்தில் மழையே கிடையாது, ஆகஸ்ட் கடைசியிலிருந்து நீங்கள்தான் தண்ணீர் விட வேண்டும்.

பழம் வருவது மார்கழியில். இங்கே அது கொளுத்தும் வெயில் காலம். கறுத்ததும் பறிக்காமல் ஒரு வாரம் விடுங்கள். ஊர் ஐஸ்கிரீம் ருசியை நினைத்து வாயில் போட்டால் முகம் கோணும், அவ்வளவு புளிப்பு. வெல்லமும் மிளகாய்த்தூளும் போட்டுத் தொக்கு கிளறினால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்காது. கடையில் 'கரண்ட்' என்று பாக்கெட்டில் விற்பது வேறு, அது உலர்ந்த குட்டித் திராட்சை, குழம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, கன்றுக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். ஜூலையில் நான் கவாத்து செய்வேன். அந்த வாரம் வாருங்கள், ஒரு சாண் குச்சியாக ஆறேழு நறுக்கித் தருகிறேன். மண்ணில் செருகினாலே வேர் பிடிக்கும். ஈரச் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.