ஆர்லிங்டனில் ஐரா ஹேஸ் கல்லறைக்குப் போக வேண்டுமா?

வாஷிங்டனில் ஒரே நாள்தான், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நட்ட புகைப்படத்தை வைத்துச் செய்த சிலையைப் பார்த்தால் போதாதா, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் படத்தில் இருந்த ஐரா ஹேஸின் கல்லறைக்கும் போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றாலும் போங்கள்.

சிலையில் ஆட்கள் 32 அடி உயரம். ஐரா ஹேஸின் கல் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சுற்றியுள்ள எல்லாக் கற்களும் அதே வெள்ளை, அதே அளவு. இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் கண்டுபிடித்தேன். பெயருக்குக் கீழே அரிசோனா. புதிதாக வெட்டிய புல் கல்லின் அடியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

குடித்தே செத்தவருக்கு இவ்வளவு மரியாதையா என்று சிலர் கேட்பீர்கள். 32 வயதில் போனார், குடியும் உண்மைதான். ஆனால் 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசந்தால் எடுத்த அந்தப் படத்தில், கம்பத்தின் அடியில் குனிந்திருப்பவர் ஹார்லன் பிளாக். ராணுவம் அவருக்குப் பதில் ஹேன்சன் என்ற இன்னொரு வீரரின் பெயரைப் போட்டது. தவறு என்று ஹேஸ் சொன்னார். பெயர்கள் வெளியாகிவிட்டன, பேசாமல் இரு என்றார் ஓர் அதிகாரி. 1946-இல் அந்தப் பீமா பழங்குடி இளைஞர் வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஆயிரம் மைலுக்கு மேல் போய், டெக்சாஸில் பிளாக்கின் அப்பாவிடம் நேரில் சொன்னார். மறுவருடம் பெயர் திருத்தப்பட்டது.

இது என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரில் கலசம் தூக்கிப் போகும் அப்பா படத்துக்குக் கீழே வேறொருவர் பெயர். கேட்கப் போனேன். "அச்சாகிடுச்சு தம்பி, இனி என்ன பண்றது" என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மலரை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். அவர் இறந்தபின் எங்கள் பிரதியில் மட்டும் பேனாவால் திருத்தினேன். நன்கொடைப் பட்டியலில் ஒரு எழுத்து மாறினால் மட்டும் மறுஅச்சு உண்டாம். கோபம் இன்னும் தீரவில்லை, மன்னியுங்கள்.

சரி, வழி. மெட்ரோவில் நீலப் பாதை, ஆர்லிங்டன் கல்லறை நிலையம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். 34ஆம் பிரிவு, எண் 479ஏ. ஏற்றம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறையை முதலில் பாருங்கள், சிலைக்கு அப்புறம் போகலாம்.