சிரட்டை, செம்மண், குரும்பட்டி: சின்னப் பிள்ளைகளின் கைவேலை பற்றி ரீச்சரிடம் கேட்டவை

வணக்கம். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு வீட்டிலும் முன்பள்ளியிலும் என்ன செய்யக் கொடுக்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கடையில் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அதற்குத் தனிப் பதில் எழுதவில்லை.

கோண்டாவில், மூன்று வயது மகளின் அம்மா: ரீச்சர், பெயின்ற் கொடுத்தால் முதல் வேலையாக வாயில்தான் வைக்கிறாள். பெட்டியில் நஞ்சில்லை என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

நஞ்சில்லை என்றால் தவறி நக்கினால் பயப்படத் தேவையில்லை என்றுதான் அர்த்தம் தங்கச்சி, சாப்பிடலாம் என்று இல்லை. வாயில் வைக்கிற வயதென்றால் வீட்டிலேயே காய்ச்சிவிடுங்கள். அரைக் கோப்பை சோளமாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டி படாமல் கரைத்து, இரண்டு கோப்பை தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் கை விடாமல் துழாவினால் கொஞ்ச நேரத்தில் கூழ் மாதிரித் தடித்துப் பளபளக்கும். இறக்கி நன்றாக ஆறவிடுங்கள், மேலே ஆறியிருந்தாலும் உள்ளே சூடு நிற்கும்.

நிறத்துக்கு மஞ்சள் தூள் இருக்கிறது, பீற்றூட் சாறு இருக்கிறது. நீலத்துக்கு வேலியில் படர்கிற நீலக் காக்கணம்பூ, சிலர் சங்குப்பூ என்பார்கள். ஒரு பிடி பூவைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு வடித்து, சோளமாவை அந்தத் தண்ணீரிலேயே காய்ச்சுங்கள். வடித்த நீலத் தண்ணீரில் கொஞ்சத்தைத் தனியே ஒரு கண்ணாடிக் கிளாசில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையில் பாதித் தேசிக்காயைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாகி, இன்னும் பிழியப் பிழிய ரோஸ் நிறத்துக்கு வரும். இன்னொரு கிளாசில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். அன்றைக்கு அவள் படம் கீறாமலே விட்டாலும் விட்டுவிடுங்கள், அந்தக் கிளாஸ்களோடேயே பொழுது போய்விடும்.

இந்தக் கூழ் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், புளித்த மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள். மஞ்சளில் கீறிய படத்தை வெயில் படுகிற சுவரில் ஒட்ட வேண்டாம், வெளிறிவிடும். அதையே விளையாட்டாகவும் ஆக்கலாம்: மஞ்சள் கரைத்துப் பூசிக் காய்ந்த கடதாசியில் ஒரு முருங்கை இணுக்கை வைத்து, மேலே கண்ணாடித் துண்டு ஒன்றைப் பாரமாக வைத்து (அதை வைப்பதும் எடுப்பதும் நீங்கள்) நல்ல வெயிலில் விட்டால், ஒரு நேரம் போக இணுக்கு இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும்.

சாவகச்சேரி, அப்பா: மகனுக்கு நாலரை வயது. கையில் பென்சில் கொடுத்தால் கிறுக்கல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அ, ஆ எல்லாம் எழுதுகிறது. ஜனவரியில் தரம் ஒன்று. கையைப் பிடித்து எழுதப் பழக்கட்டா?

வேண்டாம் தம்பி. பக்கத்து வீட்டுப் பிள்ளையை முதலில் விடுங்கள்.

ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் எடுப்பார்கள், எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் ஒன்றும் இல்லை. எழுத்து, தரம் ஒன்றில் படிப்பிக்க வேண்டியது. பொதுவாக ஒரு பிள்ளை மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்துக் கீறும், நாலு வயதில் கூட்டல் குறி, சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் அதற்கும் பிறகு. இதெல்லாம் வராத கையில் 'அ' எப்படி வரும்? சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்துக்குள் கிடக்கிறது. அதனால்தான் பழக்குகிறவர்கள் நேர்கோட்டு எழுத்துகளான ட, ப என்று தொடங்குவார்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதுவிப்பது சடங்கு, அதை அடுத்த நாளே கொப்பிக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

அவனுக்கு இப்போது வேண்டியது விரல் பலம். இடியப்பம் பிழிகிற நாளில் ஒரு உருண்டை மாவை அவனுக்குக் கொடுங்கள், உருட்டட்டும், கிள்ளட்டும், சப்பட்டையாக்கட்டும். கீரை ஆயவும், உள்ளி உரிக்கவும், பழந்துணியில் தண்ணீர் தோய்த்து ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குப் பிழியவும் விடுங்கள். உடுப்புக் கொழுவுகிற கிளிப்பைத் திறந்து கயிற்றில் மாட்டுவது பென்சில் பிடிக்கிற அதே விரல்களுக்கு வேலை. கிரேயோன் கொடுப்பதென்றால் முழு நீளத்தில் கொடுக்காமல் இரண்டு சென்ரிமீற்றர் துண்டாக முறித்துக் கொடுங்கள். முழுக் கிரேயோனை உலக்கை மாதிரிக் கைக்குள் பொத்திப் பிடிக்கிற பிள்ளை, துண்டை நுனிவிரலால்தான் பிடிக்கும், வேறு வழி இல்லை.

அப்புறம் அந்தக் கிறுக்கலைப் பற்றி. 'இது என்ன?' என்று கேட்காமல் 'இதைப் பற்றிச் சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெரிய வட்டமும் அதிலிருந்து நேரே இரண்டு காலும் இறங்கி நின்றால் அது மனிதன்தான், பெரும்பாலும் அது நீங்கள். உடம்பு எங்கே என்று கேட்டு வெட்கப்படுத்த வேண்டாம்.

வடமராட்சி, முன்பள்ளி ஆசிரியை: இருபதுக்கு மேல் பிள்ளைகள், சாமான் வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம் அக்கா?

உங்களிடம் இருக்கிற சாமான் கொழும்பில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கடற்கரை மணலைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பெரிய பேசினில் கொட்டுங்கள், சிரட்டை, பழைய அரிதட்டு, ஓட்டை போட்ட யோகட் கப் போடுங்கள், ஒரு மூலை முடிந்தது. பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகுழல், பனையோலையில் காற்றாடி, நுங்குக் கோம்பையில் வண்டில், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் குரும்பட்டித் தேரைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். தென்னைக்குக் கீழே விழுந்து கிடக்கிற குரும்பட்டிகளைப் பிள்ளைகளே பொறுக்கட்டும், சிறிது பெரிது என்று தரம் பிரிக்கட்டும், ஒரே அளவில் நாலு தேடுவதே பெரிய கணக்கு. ஈர்க்கை நீங்கள் அளவாக முறித்து நுனியை மழுக்கிக் கொடுங்கள், கண்ணில் குத்தும் சாமான் அது. இரண்டு குரும்பட்டிக்கு நடுவே ஈர்க்கைச் செருகினால் அச்சு. இரண்டு அச்சுக்கு மேலே குறுக்காக ஈர்க்கு அடுக்கி, நாலு மூலையிலும் நிமிர்த்திக் குத்தி, உச்சியில் இன்னொரு குரும்பட்டி, அதற்கும் மேலே ஒரு செவ்வரத்தம்பூ. வாழை நாரைக் கட்டி இழுத்தால் இரண்டு அடி போவதற்குள் ஒரு சில்லு கழன்று ஓடும். அங்கேதான் ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏன் கழன்றது, ஈர்க்கு ஆழமாகப் போகவில்லையா, குரும்பட்டி வாடிவிட்டதா என்று அவர்களே பார்ப்பார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பார்த்த பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம், ஒருத்தன் ஐயர், ஒருத்தன் மேளம், மிச்சப் பேர் வடம் பிடிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் குன்றிமணி எடுக்காதீர்கள். பார்க்க வடிவு, ஆனால் கடித்து உடைந்தால் ஒரு விதையே சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. மிளகு போதும். அலரி, ஊமத்தை, ஆமணக்கு எதுவும் வேண்டாம், எருக்கலம் பால் கண்ணில் படக்கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால், ரொய்லட் ரோலின் உள் மட்டைக் குழாய்க்குள் விழக்கூடிய எதையும், புளியங்கொட்டை, சோகி, மணி எதையும், கைக்கெட்ட வைக்காதீர்கள்.

இணுவில், அம்மம்மா: பேரன் முற்றத்துச் செம்மண்ணில் கிடந்து உருளுகிறான். மகள் வேலையால் வந்து என்னைத்தான் ஏசுகிறாள்.

அம்மா, செம்மண் உடுப்பை உடனே தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் கறை துணிக்குள் இறங்கும். காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பிறகு தோயுங்கள். அப்பாவின் பழைய சேட்டைப் பின்பக்கம் முன்னாக மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பூனை கழிக்கிற இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விளையாடி முடிய சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவட்டும். அதே மண்ணைத் துணியில் சலித்துக் கோதுமை மாப் பசையில் குழைத்தால் நல்ல செங்கல் நிறச் சாயம். அதில் மகளையும் ஒரு நாள் கீற வையுங்கள்.

திருநெல்வேலி, அம்மா: முன்பள்ளிக் கண்காட்சிக்குக் கைவேலை கொண்டுவரச் சொல்கிறார்கள். போன முறை மகள் செய்ததை விட்டுவிட்டுத் தாய்மார் இரவிரவாகச் செய்ததைத்தான் முன்வரிசையில் வைத்தார்கள். நானும் செய்து கொடுக்கவா?

கொடுக்காதீர்கள். தாய்மாரின் கண்காட்சி என்று போர்ட் போட்டுவிட்டு வைக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒட்டிய பூ கோணலாகத்தான் இருக்கும், பசை வெளியே வழியும், கண் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதை நீங்கள் ஒரு தரம் நிமிர்த்தி ஒட்டினால் போதும், அடுத்த முறை 'அம்மா நீங்களே செய்யுங்கோ' என்று உங்கள் மடியில் கொண்டுவந்து வைப்பாள், அதற்குப் பிறகு அவளைத் தொட வைப்பது பெரும்பாடு. மகள் செய்ததையே கொண்டுபோங்கள், அவள் சொன்ன கதையைப் பக்கத்தில் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். பின்வரிசையில் வைத்தால் வைக்கட்டும். ரீச்சரிடம் தனியே, மரியாதையாக, இதைச் சொல்லவும் செய்யுங்கள். பெற்றோர் நெருக்குவதால்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள், அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

மானிப்பாய், அப்பா: மகன் மண், பசை எதையும் தொட மாட்டான். கை அழுக்கென்று அழுகிறான்.

பிடித்து அமுக்க வேண்டாம். சாயத்தைத் தடித்த பொலித்தீன் பைக்குள் விட்டு, வாயை ரேப்பால் நன்றாக மூடி மேசையில் ஒட்டிக் கொடுங்கள், மேலே விரலால் கீறட்டும். பிறகு தூரிகை, கரண்டி, பிறகு ஒரு விரல். பக்கத்தில் ஈரத் துணி இருக்கட்டும், வேண்டியபோது துடைக்கலாம் என்று தெரிந்தால் பயம் குறையும். தலை முழுக, நகம் வெட்ட, சோறு குழைத்துச் சாப்பிடவும் இதே மாதிரி அழுதால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

ரொறன்ரோ, அம்மா: இங்கே குளிர், பூவரசும் இல்லை பனையும் இல்லை.

அரிசி மா இருக்கிறதுதானே. கறுப்புத் தட்டில் தூவி விரலால் கோலம். குழை சாதமும் சொதியும் விளையாட்டுச் சட்டியில் காய்ச்சி அம்மம்மாவுக்கு வீடியோவில் பரிமாறச் சொல்லுங்கள், அதுவும் விளையாட்டுத்தான்.

கொடிகாமம், அம்மா: வீட்டில் செய்த விளையாட்டு மா இரண்டு நாளில் பிசுபிசுக்கிறது. அளவு பிழையா?

ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி. எல்லாவற்றையும் கரைத்து அடுப்பில் வைத்து, சட்டியை விட்டு உருண்டு வரும்வரை கிண்டி, ஆறியதும் பிசைய வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் மாரி காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், பிசுபிசுக்கத்தான் செய்யும். கொஞ்சம் மா தூவிப் பிசைந்துவிட்டு மூடி இறுக்கமான பேணியில் வையுங்கள், சில கிழமை நிற்கும். பூஞ்சணம் கண்டால் எறியுங்கள். உப்பு இவ்வளவு இருப்பதால் விழுங்க விடக்கூடாது, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.