பென்னட் வீட்டுப் பெண்களுக்கு லாங்போர்ன் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பென்னட்டின் ஐந்து மகள்களுக்கும் அவருடைய லாங்போர்ன் என்னும் நிலச்சொத்து கிடைக்காததற்குக் காரணம், அக்காலத்தில் பெண்களுக்குச் சொத்துரிமையே இல்லை என்பதுதான் என்று நோட்ஸில் உள்ளது. அப்படியானால் நாயகன் டார்சியின் தங்கை ஜார்ஜியானாவுக்கு 30,000 பவுண்டு எப்படி வந்தது? தேர்வில் எதை எழுதுவது?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது; நோட்ஸில் இருப்பதுதான் தவறு. 1813இல் இந்நாவல் வெளிவந்தபோது, மணமாகாத பெண்ணோ விதவையோ தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதை இங்கிலாந்தின் சட்டம் தடுக்கவில்லை. லாங்போர்ன் கைவிட்டுப் போவதற்குக் காரணம் 'என்டெய்ல்' என்னும் குடும்ப ஏற்பாடு. பென்னட்டுக்கு முன்னிருந்தவர்கள், நிலம் ஆண் வாரிசுக்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே பத்திரத்தில் கட்டிவைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானத்தை ஆயுள் உள்ளவரை அவர் அனுபவிக்கலாமே தவிர, அந்த நிலத்தை விற்கவோ மகள்களுக்கு உயில் எழுதவோ அவருக்கு அதிகாரம் இல்லை. மகன் பிறந்து உரிய வயதை அடைந்திருந்தால், தந்தையும் மகனும் சேர்ந்து இந்தக் கட்டை நீக்கியிருக்கலாம். அந்த மகனை எதிர்பார்த்தே பென்னட் சேமிக்காமல் இருந்துவிட்டார் என்று ஐம்பதாம் அத்தியாயம் வெளிப்படையாகச் சொல்கிறது. மகன் பிறக்கவில்லை, தூரத்து உறவினர் காலின்ஸ் வாரிசானார்.

இது நாட்டுச் சட்டமன்று, ஒரு குடும்பத்தின் ஏற்பாடு என்பதற்கான சான்று நாவலுக்குள்ளேயே இருக்கிறது. இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில், ரோஸிங்ஸ் மாளிகைக்கு விருந்துக்கு வந்த, பென்னட்டின் இரண்டாம் மகள் எலிசபெத்திடம், பெண்வழியை விலக்கிச் சொத்தைக் கட்டிவைக்க வேண்டிய அவசியம் என்ன என்றும், தன் கணவர் சர் லூயிஸின் குடும்பத்தில் அது தேவைப்படவில்லை என்றும் அம்மாளிகையின் தலைவி லேடி கேத்தரின் சொல்கிறார். அதாவது ரோஸிங்ஸ் அவருடைய ஒரே மகள் ஆனுக்குச் சேரும். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே காலம். ஒரு வீட்டில் மகள் வாரிசு, இன்னொரு வீட்டில் ஐந்து மகள்கள் இருந்தும் வாரிசு இல்லை. இந்த ஒரு வரியைப் படித்த எவரும் நோட்ஸில் உள்ள வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. தேர்வில் இதை அவசியம் குறிப்பிடுங்கள்.

அக்காலத்தில் உரிமை பறிபோனது திருமணத்தில்தான். மணமானதும் மனைவியின் ரொக்கமும் அசையும் பொருள்களும் பொதுவாகக் கணவனுடையவை ஆகிவிடும். மனைவி தன் சொத்தைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. பதினைந்தே வயதான ஜார்ஜியானாவை, பணக்கார மணப்பெண்ணைத் தேடிய விக்காம் ரகசியமாக அழைத்துச் சென்று மணக்க முயன்றதும், பிறகு 10,000 பவுண்டு வந்து சேர்ந்த மிஸ் கிங்கின் பக்கம் திரும்பியதும் இதனால்தான்.

எலிசபெத்துக்கு வர வேண்டியதோ, தாயின் மறைவுக்குப் பின் 1,000 பவுண்டு, நான்கு சதவீத வட்டியில். பத்தொன்பதாம் அத்தியாயத்தில், காலின்ஸ் தன்னை மணக்கக் கேட்கும் அதே மூச்சில் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுகிறார். ஆண்டுக்கு 40 பவுண்டு என்று நீங்களே கணக்கிட்டுப் பார்த்தால், அவரை அவள் மறுத்ததன் துணிவும், அவளுடைய இருபத்தேழு வயதுத் தோழி ஷார்லட் லூகாஸ் அவரையே ஏற்றுக்கொண்டதன் நிர்ப்பந்தமும் விளங்கும். ஷார்லட்டைப் பணத்தாசை பிடித்தவள் என்று எழுதிவிடாதீர்கள்; படித்த, வசதியற்ற பெண்ணுக்குக் கௌரவமான ஒரே பிழைப்பு வழி திருமணமே என்பதை இருபத்திரண்டாம் அத்தியாயம் அவள் நிலையிலிருந்தே சொல்கிறது.

தொடர்பு வகுப்பு நடக்கும் இடங்களின் வாசலில் நோட்ஸ் விற்பவர்களிடமும், பணம் வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதித் தரும் தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஒருவர் செய்த பிழையை மற்றவர் நகலெடுத்து, அட்டையை மட்டும் மாற்றி, 'இந்த ஆண்டுக்கான பதிப்பு' என்று விற்கிறார்கள். அவர்களில் பலர் நாவலைத் திறந்தே பார்த்ததில்லை. 'திருமணம் என்னும் கருப்பொருளை விவாதி' என்று ஆண்டுதோறும் ஒரே வினாவைக் கேட்டு, உபதலைப்புகளை எண்ணி மதிப்பெண் போடும் தேர்வு முறைதான் இந்த வியாபாரத்துக்குத் தீனி போடுகிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நாவலின் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நேரம் குறைவென்றால் மேலே சொன்ன நான்கு அத்தியாயங்களையாவது அதில் படித்துவிட்டு, விடையில் அத்தியாய எண்ணோடு எழுதுங்கள்.