வாசகர் கேள்வி: வழுக்கும் பரப்பு ஏன் வழுக்க மறுக்கிறது?

கே: டெஃப்லான் சவ்வில் சிலிக்கோன் எண்ணெய் தடவி, பூச்சிகளை வழுக்கி விழவைத்துப் பிடிக்கும் குடுவைத் தாவரம்போல வழுக்கும் பரப்பு செய்தோம். முதலில் நீர்த்துளி சறுக்கி ஓடியது. பிறகு ஒட்டி நிற்கிறது. ஏன்? எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரிலும் இது பலிக்குமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

ப: எண்ணெய் போய்விட்டது, அதுவும் துளிகளோடுதான் போனது. நீரின் பரப்பு இழுவிசை (பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை) 72 மில்லிநியூட்டன்/மீட்டர், சிலிக்கோன் எண்ணெயுடையது சுமார் 20. அதனால் துளி விழுந்ததும் எண்ணெய் அதன்மேல் ஏறிப் போர்வையாக மூடிக்கொள்ளும். துளியின் அடியைச் சுற்றியும் எண்ணெய் ஒரு சின்ன வரப்பாக எழும்பும். பக்கவாட்டிலிருந்து உருப்பெருக்கியில் பார்த்தால் நன்றாகத் தெரியும். துளி உருளும்போது வரப்பும் போர்வையும் கூடவே இறங்கிவிடும்.

தராசில் நிறுத்துப் பாருங்கள். 5×5 செ.மீ. துண்டில், சவ்வுக்கு மேலே நிற்கும் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) எண்ணெய்ப் படலம் ஏறக்குறைய 24 மில்லிகிராம். துளி விட்டு விட்டு நிறுத்தால் இழப்பு கணக்காகக் கிடைக்கும். எண்ணெயைக் கொட்டித் தடவுவதில் பயனில்லை. மிகுதி முதல் சில துளிகளிலேயே வழிந்துவிடும். தடவியபின் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி வடியவிடுங்கள். கெட்டியான எண்ணெய் அதிக நாள் தாங்கும், ஆனால் துளி மெதுவாகத்தான் நகரும். எங்கள் வாக்கு நடுத்தரத்துக்கே: 20 முதல் 50 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் அலகு). தூசி படியாமல் மூடி வையுங்கள்.

சுவரில் பலிக்காது. எத்தனை மெருகேற்றினாலும் சுண்ணாம்புக்கு எண்ணெயைவிட நீர்தான் பிடிக்கும். நீர் உள்ளே புகுந்து எண்ணெயைத் தள்ளிவிடும். சுவரில் கறைதான் மிஞ்சும்.